சுவர் நனைகிற வீடு

ஜூன் 3, ஞாயிறு
அடுத்த வாரம் ஆலயத்து ஞாயிறு பள்ளியில் நான் எடுக்க வேண்டிய பாடம் மேகம். ஆண்டவர் தண்ணீரை ஆவியாக மேலே ஏற்றி, குளிரவைத்து, மழையாக இறக்குவதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டுமாம். "நீங்க சயின்ஸ் படிச்சவங்க, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றார் போதகர். ஜுஜுபி என்றால் அவரே எடுக்கலாமே! மகளுக்கு நேற்று ராத்திரியும் மூச்சிழுப்பு. தூக்கமில்லாமல் என் கண் எரிகிறது.

ஜூன் 5
கணவருக்கு ஆலயத்தைக் கூட்டி, மணி அடித்து, பராமரிக்கும் வேலை. அதனால்தான் ஆலயத்துக்குப் பின்னால் இந்த அறை. மகளின் கட்டிலை ஒட்டிய சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஆலயக் கமிட்டியிடம் மறுபடி சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வருடமாகப் பார்க்கிறார்கள், கண் வலிக்காதோ?
இன்றும் அவர் கதவு ஜன்னலைச் சாத்தி, வெந்நீர் கொதிக்கவைத்து அவளை ஆவி பிடிக்கவைத்தார். குளிர்காற்று பட்டால் இழுக்குமாம்.

ஜூன் 9
பாடத்துக்கு வீட்டில் ஒத்திகை. கண்ணாடி ஜாடியில் வெந்நீர், மூடிமேல் ஐஸ். மூடியின் அடியில் துளித்துளியாகக் கோர்த்தது. "சூடான ஆவி குளிர்ந்த இடத்துல பட்டா தண்ணியாயிடும், இப்படித்தான் மேகம்" என்றேன். மகள் படுத்தபடியே கையைத் தூக்கிப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள்.
"அப்ப நம்ம சுவரும் இப்படித்தான் நனையுதாம்மா?"
 தினமும் இந்த அறையைச் சாத்திவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீரெல்லாம் வேறு எங்கே போயிருக்கும்? உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம்? எல்லாம் அந்தச் சுவருக்கு. சுவரை ஒட்டி அவள் தலை. அடிப்பாவி, காலேஜ் வரைக்கும் படிச்சியே!

ஜூன் 10, ஞாயிறு
ஜாடிக்குள் துளி விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு வாண்டு கேட்டது: "ஈரம் நல்லதா டீச்சர்?"
ஆண்டவர் தருகிற ஈரம் எல்லாம் நல்லது என்றேன். முன்வரிசையில் என் மகள் இருமினாள். அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

ஜூன் 11
சண்டை. இனி ஆவியும் வேண்டாம், சாத்தவும் வேண்டாம் என்றேன். "திறந்து வச்சு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அப்படியானால் வேறு வீடு பார்ப்போம் என்றேன். "ஆண்டவர் வச்ச இடம்டி இது. கொஞ்சமாவது விசுவாசம் வேணும்."
விசுவாசமா? எனக்கு ஒரு காய்ந்த சுவர் போதும் என்று கத்திவிட்டேன். அப்புறம் எனக்கே பயமாக இருந்தது.

ஜூன் 15
ஜன்னலைத் திறந்து வைத்தும் சுவர் காயவில்லை. வெளியேயும் இதே ஈரம்தானே.

ஜூன் 19
ஆஸ்பத்திரி. அவள் மூக்கில் நெபுலைசர். டாக்டரம்மா கோபப்படக்கூட இல்லை. "அந்த ரூம்ல இனிமே படுக்க வைக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்" என்றார். நான் ஜெபிக்க உட்கார்ந்தேன். என்ன கேட்பது? மழையை நிறுத்து என்றா?

ஜூன் 24
என் அக்கா வந்து மகளைத் தன்னோடு அழைத்துப் போனாள். அவள் ஊரில் ஈரம் என்பதே கிடையாது. "நீயும் வாயேன்டி" என்று வாய் வார்த்தைக்குச் சொன்னாள். அவர்கள் வீட்டில் இன்னொரு பாய்க்கு இடமில்லை என்று இருவருக்கும் தெரியும். பஸ் கிளம்பும்போது மகள் அழுதாள். நான் சிரித்துக் கையாட்டினேன், பாவி.

ஜூலை 8
கமிட்டி சுவருக்கு வெள்ளையடித்தது. நான்கே நாளில் பூஞ்சை மறுபடி வந்துவிட்டது.

ஜூலை 22, ஞாயிறு
மகள் போனில் பேசினாள். பெரியம்மா, புதுத் தோழி, ஓட்டப்பந்தயம் என்று கொட்டித் தீர்த்தாள். நடுவில் ஓர் இருமல் இல்லை. இவள் குரல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.
'வீட்டுக்கு எப்பம்மா வரட்டும்' என்பாள், என்ன பதில் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.
"என்ன சொல்றா? வரேங்கறாளா?" இவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.
"இல்ல."
மணி அடிக்கப் போனார்.
நாளை அவளுடைய இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்க வேண்டும்.