துரைசாணியின் வேகம்

நேற்றுப் பிற்பகல் கோ-கோ கம்பம் நட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அறை ஜன்னல் வழியாகத் துரைசாணியின் குரல் வந்தது. கையிலிருந்த கடப்பாரை என் கால்மேலேயே விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் ஒரகடம் ரோட்டுக் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் பிரேக் போட்டு நின்றன என்று வைத்துக்கொள். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஐயா. அவளும் உன்னோடு போய்விட்டாள் என்றல்லவா மூன்று வருடமாக நினைத்திருந்தேன்.

நீ ஆங்கில வாத்தியார். குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். பேசினால் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காது. நான் விளையாட்டு வாத்தியார். விசில் ஊதினால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிடும் என்ற கீர்த்தி உடையவன். அப்படிப்பட்ட சக்கரவர்த்தியை ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப்போய் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தாய். பிரவுசரின் மூலையில் மிளகளவுக்கு ஒரு படம். அதைச் சொடுக்கினாய். நீ டைப் அடித்து வைத்திருந்த பாடத்தை ஒரு வெள்ளைக்காரி வாசிக்க ஆரம்பித்தாள். பையன்கள் அவளுக்குத் துரைசாணி என்று பேர் வைத்தார்கள். அவள் வாசிக்க வாசிக்க, அந்தந்தச் சொல் மஞ்சளாக ஒளிர்ந்தது.

“இன்னாய்யா இது, குட்டிச்சாத்தானா?”

“எக்ஸ்டென்ஷன்யா. பிரவுசருக்கு நாமளா மாட்டிவுடற ஒரு கை. கண்ணால புடிக்க முடியாதத காதுக்கு எடுத்துக் குடுக்கும்.”

எல்லாம் பத்தாம் வகுப்பு முத்துச்செல்விக்காக. அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் அழுவாள். “எழுத்தெல்லாம் எறும்பு கணக்கா ஓடுது சார்” என்பாள். வகுப்பு அவளுக்கு மக்கு என்று பட்டம் கட்டியிருந்தது. பத்தில் தேறினால் மேலே படிக்கலாம். தவறினால் வீட்டோடு இருந்துவிட்டு, பதினெட்டு ஆனதும் கம்பெனிக்கு. அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

“கேட்டுக்கினே பாத்தா சொல்லோட மூஞ்சி பழகிடும்யா. அப்பால பரீட்சைத் தாள்ல பாத்தா ஓடாது” என்றாய்.

நீ செய்த வேலையில் எனக்கு மறக்காதது அந்த வேகம் வைத்ததுதான். துரைசாணி முதலில் தாம்பரம் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடினாள். நீ முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பியை ஒரு மயிரிழை நகர்த்துவாய், கேட்கச் சொல்வாய், மறுபடி நகர்த்துவாய். “ரேடியோல சிலோன் புடிக்கிறியாய்யா?” என்று கிண்டல் செய்தேன். நீ திரும்பவே இல்லை. கடைசியில் அவள் உதடு துரைசாணியோடு சேர்ந்து அசைந்தது. அப்போதுதான் மவுஸிலிருந்து கையை எடுத்தாய்.

மார்கழியில் நீ போனாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. பொங்கலுக்குள் யாரோ வந்து வைரஸ் என்று எல்லாக் கம்ப்யூட்டரையும் அழித்துச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். மிளகளவுப் படத்தைக் காணோம். முன்பு அந்த மூலையில் உன் பெயர் இருக்குமல்லவா, அதனால் உன் கணக்கைத் திறந்தால்தான் அவள் வருவாள் என்று பள்ளிக்கூடமே நம்பியது. உன் ஊர், உன் வண்டி நம்பர், உனக்குப் பிடித்த வடைகறி வரை பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்தேன். கடைசி பெஞ்ச் தினேஷ் கேட்டான்: “சாரோட துரைசாணியும் பூட்டாங்களா சார்?”

பிறகு நானே துரைசாணி ஆனேன். சிரிக்காதே. பாடத்தைச் சத்தமாக வாசித்து, வரியின் கீழ் விரலை ஓட்டினேன்.

“சார், நீங்க படிக்கது கபடி கமெண்ட்ரி கணக்கா இருக்கு” என்றாள் முத்துச்செல்வி. “துரைசாணி கமாவுல நிக்கும்.”

“நானும் நிக்கிறேன் தாயே.”

“அவ்வளவு நேரம் இல்ல சார். இப்படி.” பென்சிலால் மேசையைத் தட்டிக் காட்டினாள்.

அந்தத் தட்டலுக்கு என் பாழும் நாக்கை மாசி முழுக்கப் பழக்கினேன். வேகம் வந்தது. நிறுத்தம் வந்தது. மஞ்சள் மட்டும் என்னால் ஆகவில்லை.

ஆங்கிலத்தில் தவறிவிட்டாள். மறுபடி எழுத வையுங்கள் என்று அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் அப்பா மரியாதையாகத்தான் சொன்னார். “இங்கிலீசு சார் இருந்து சொன்னா யோசிப்பேன். நீங்க வெளையாட்டு சார்லா.” உலகத்தையே வாயால் வெல்லும் நான் அன்று செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நேற்று நொண்டிக்கொண்டே கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் டீச்சர் சின்னப் பெண். “பாஸ்வேர்டு எப்படிம்மா கிடைச்சுது?” என்றேன்.

“என்ன பாஸ்வேர்டு சார்? இத யார் வேணா போட்டுக்கலாம். ஃப்ரீதான். ஒரு கிளிக்.”

ஒரு கிளிக். உன் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்து வடை தின்றவன் நான். இதை எப்படிப் போட்டாய் என்று ஒருதரம் கேட்டிருக்கலாம். நீயும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், ஐயா. போகிற அவசரம் நம் இருவருக்குமே தெரியவில்லை.

டீச்சர் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். “இவளுக்கு எந்த வேகம் வைக்கிறதுன்னே தெரியல சார்” என்றார் டீச்சர்.

நான் திரையைப் பார்த்து முதல் வரியை வாசித்தேன். டீச்சர் என் வேகத்துக்கு ஏற்பக் கம்பியை நகர்த்தினார். இன்னும், இன்னும் கொஞ்சம். துரைசாணியும் நானும் ஒரே கமாவில் நின்றோம். அந்தப் பெண்ணின் உதடு அசைய ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து, முதல் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிப் போனது. தினமும் போவதுதான். ஜன்னலோரம் யூனிஃபார்மில் முத்துச்செல்வி, தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை விசிலுக்குப் போனது. ஊதவில்லை. அடுத்த வரியை, நீ வைத்த வேகத்திலேயே வாசித்தேன்.