ஆவணிக்கு முன்னால் வந்த பயம்

எம்பிலிப்பிட்டிய
08.06.2025

அன்புள்ள அனுஷியாவுக்கு,

நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு மாதமாகிறது. நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இப்படி அமைந்ததற்கு மன்னியுங்கள். ஆவணியில் வைத்திருக்கும் நம் கல்யாணத்தை நிறுத்திவிடும்படி உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. வேறு பெண்ணும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எதைக் கண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காலையில் அண்ணன் கடை ஷட்டரைத் தூக்கும் சத்தத்துக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாராவது ஆணி கேட்டால், எடையை மறந்து திரும்பத் திரும்ப நிறுக்கிறேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை. போனை அணைத்து வைத்திருப்பதும் இதனால்தான். என் குரலைக் கேட்டால் உங்களுக்கு விளங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஒருவனைக் கட்டிக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

உதயராஜ்


தெரணியகலை
12.06.2025

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பாடசாலையில் வைத்துப் படித்தேன். அதன்பிறகு ஐந்தாம் வகுப்புக்கு என்ன படிப்பித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. அவர் தோட்டத்து லயங்களில் வீடு வீடாகப் போய்க் கல்யாணத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "மாப்பிள்ள வீட்டுல எத்தன பேரு வருவாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா" என்று நேற்றும் கேட்டார். நான் என்ன சொல்ல?

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிச்சயத்தன்று வேன் சேற்றில் புதைந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தள்ளியவர் நீங்கள்தானே? அதற்குப் பிறகு என்ன நடந்தது? புதிதாக ஏதாவது குடிக்கிறீர்களா? மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? எதுவானாலும் எழுதுங்கள். மறைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

அனுஷியா


எம்பிலிப்பிட்டிய
16.06.2025

அன்புள்ள அனுஷியாவுக்கு,

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நிச்சயதார்த்த போட்டோக்களில் ஒன்றில் என் உச்சந்தலை லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. முப்பத்திமூன்று வயதில் இப்படியா என்று மனசு கேட்கவில்லை. முடி கொட்டாமலிருக்க ஒரு மாத்திரை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து தினம் ஒன்று போடுகிறேன். அண்ணனுக்கும் தெரியாது. கல்யாணத்தன்று உங்கள் பக்கத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான்.

ஆனால் முடி மாத்திரைக்கும் பயத்துக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? எனக்குப் புத்திதான் பிசகுகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை வாவிக் கரையில் நின்றேன். தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, இறங்கிவிடுவேனோ என்று எனக்கே என் மேல் பயம் வந்துவிட்டது. கடலை விற்கும் அம்மா ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவரோடு பேச்சுக் கொடுத்தபடியே ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவர் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியவில்லை.

உதயராஜ்


தெரணியகலை
20.06.2025

அன்புள்ளவருக்கு,

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு உங்கள் அண்ணனுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவர் இனி உங்களைத் தனியாக விடமாட்டார்.

இன்று லீவு போட்டுவிட்டுக் கேகாலைக்குப் போனேன். என்னோடு படித்த ஸும்றா அங்கே மருந்தாளராக இருக்கிறாள். மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டாள்.

"நம்மட மூளையும் சொந்தமா ஸ்டீரொய்ட் செய்யுது, தெரியுமா?" என்று கேட்டாள். உடம்பு வளர்க்கிறவர்கள் போடுகிற ஊசியா என்று கேட்டேன். "அது வேற. இது நரம்பெல்லாம் மிஞ்சித் துடிக்காம அமத்தி வைக்கிறது. நரம்பு பழுதானா ஆறுறதுக்கும் உதவுதுன்னு சொல்றாங்க. முடி கொட்டாம இருக்க அந்த மாத்திரை உடம்புல ஒரு என்சைம மறிக்குது. மூளைக்கு அந்த ஸ்டீரொய்ட செய்யவும் அதே என்சைம்தான் வேணும்" என்றாள்.

"அப்ப அவரோட பயத்துக்கு அதுதான் காரணமா?"

"ஒன்னும் ஆகாம போடுறவங்கதான் நெறய பேர். சிலருக்கு மட்டும் மனசு இப்படிக் கொழம்புது, சாகிற எண்ணமும் வருது. இவருக்கு அதுதானான்னு டொக்டர் பார்த்துத்தான் சொல்லணும். நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க."

இதையும் அங்கிருந்தே உங்கள் அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் புத்தி பிசகவில்லை. மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்தக் கடிதம் வரும்வரை காத்திராமல், அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன்.

அனுஷியா


எம்பிலிப்பிட்டிய
02.08.2025

அன்புள்ள அனுஷியாவுக்கு,

மாத்திரையை நிறுத்தி ஆறு வாரமாகிறது. "பய வென்ன எப்பா" என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். பயப்படாதே என்று சிங்களத்தில் கேட்கும்போது ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. மாத்திரைதான் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். எப்போது முழுதாகச் சரியாகும் என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

வாரத்தில் நான்கு நாள் தூங்குகிறேன். மற்ற நாட்களில் விடியும்போதே நெஞ்சு பதறுகிறது. வாவிப் பக்கம் நான் போவதில்லை.

நீங்கள் வந்த அன்று அண்ணியோடு கடையில் நின்று பெயின்ட் விற்றீர்கள். நான் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தீர்கள். அதை மறக்கமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு இந்தக் கட்டாயம் வேண்டாம். வேறு இடம் பார்த்தால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

உதயராஜ்


தெரணியகலை
09.08.2025

அன்புள்ளவருக்கு,

கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். உங்களுக்குச் சுகமில்லை என்பதையும் சொன்னேன். கல்யாணத்துக்குச் சொன்னவர்களின் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "ஒனக்கு மனசு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

ஆனால் எனக்கும் பயம் இருக்கிறது என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். உங்கள் நோயைப் பற்றியல்ல. நான்கு மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் தனியே நடுங்கினீர்களே, அது கல்யாணத்துக்குப் பிறகும் தொடருமோ என்றுதான். தூங்காத நாள் வந்தால் தூங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது.

அடுத்த ஞாயிறு இங்கே வாருங்கள். அப்பா உங்களைப் பார்க்க வேண்டுமாம். இரத்தினபுரியிலும் அவிசாவளையிலும் பஸ் மாற வேண்டும். அதற்குப் பிறகு வளைவுகள் அதிகம், மழையும் விடாது. வழியில் பயம் வந்தால் யோசிக்காமல் இறங்கிவிடுங்கள். எந்த இடம் என்று போன் பண்ணினால் போதும், த்ரீவீலர் பிடித்து நான் அங்கே வந்துவிடுகிறேன்.

உங்கள்
அனுஷியா