விமானம் ஏற மறுத்த பேராசிரியை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நலம்.

மரத்தையும் ஆற்றையும் ஏழைகளையும் கணக்கில் சேர்க்கும் பொருளாதார அறிஞர்களுக்கு எங்கள் அலுவலகம் ஆண்டுதோறும் விருது தருகிறதல்லவா? இந்த முறை தேர்வான பேராசிரியை, விமானப் பயணத்தைக் குறைக்கச் சொல்லிப் புத்தகமே எழுதியவர். அதை விழுந்து விழுந்து படித்த நானே அவருக்கு விமான டிக்கெட் அனுப்பிவிட்டேன்! டிக்கெட் திரும்பி வந்தது. பிறகு பதிலே இல்லை.

"அவங்க வரலைன்னா உங்க சீட்டு கிழிஞ்சுது" என்றார் மேலாளர்.

நேற்று விழா தொடங்கும் நேரத்தில், ரயிலில் வந்த கசங்கல் உடையோடு பேராசிரியை வந்து நின்றார். விருதை வாங்கியதும் என்னைத் தேடி வந்து, "டிக்கெட் போட்ட புண்ணியவதி நீதானா?" என்று சிரித்தார். போன உயிர் திரும்பியது. மேலாளரும் சிரித்துவிட்டார்.

அந்த நிம்மதியில், ஊருக்கு வர நான் விமான டிக்கெட் எடுத்திருப்பதைப் பேராசிரியையிடமே உளறிவிட்டேன்.

"யாரைப் பாக்க?"

"அப்பாவை. ஒரு வாரம்தான் லீவு."

"அப்ப பறந்தே போம்மா. ரயில்ல போனா வழியிலயே லீவு தீந்துடும்."

உங்கள் பழைய துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். இங்கே விற்கும் துண்டில் தலை துவட்டினால் ஈரமே போவதில்லை. மேலாளர் கூப்பிடுகிறார், வருகிறேன் அப்பா.

உங்கள் மகள்