அப்பாவின் தொப்பிக்குள்

கேலா, இன்லே ஏரி, பர்மா
அக்டோபர் 6, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சந்தைப் படகில் நீ அனுப்பிய சவர்க்காரமும் தேயிலையும் வந்தன. அப்பாவின் முழங்கால் வீக்கம் குறையவில்லை. காலை ஊன்றினாலே கத்துகிறார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு மாதமாக மீன் பிடிப்பது நான்தான். அப்பாவின் தொப்பியும் சட்டையும் போட்டுக்கொண்டு விடியும்போதே மடத்துக்குப் பின்னால் இருக்கும் பாசித் திட்டுக்குப் போய்விடுவேன். பெண்கள் உட்கார்ந்து கையால்தான் துடுப்பு வலிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் உட்கார்ந்தால் பாசிக்கு நடுவே மீன் விடும் குமிழி தெரிவதில்லை. அதனால் ஆண்களைப் போல நின்று, காலால் துடுப்பு வலிக்கிறேன்.

நேற்று எதிர்வீட்டு ஊ தெயின் என்னை அப்பா என்று நினைத்து, "ஏய் பா சீன், கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டியா? அவ்வளவு கொழுப்பா?" என்று கத்தினார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். சொன்னதும் அப்பா சிரித்தார். பிறகு சாப்பிடவில்லை. யாருக்காவது தெரிந்தால் அவர் தாங்க மாட்டார்.

தங்கை,
நுவே ஊ

நியாங்ஷ்வே
அக்டோபர் 16

அன்புத் தங்கச்சிக்கு,

கோபப்படாதே. எங்கள் ஓட்டல் மேலாளரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு காசுக்காகப் படத்துக்கு நிற்கும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து, சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அலுத்துவிட்டதாம். "பொண்ணா? காலால வலிக்குமா? கூட்டிட்டு வாம்மா!" என்று குதித்தார். நீ மீன் பிடிக்கவே வேண்டாம். ஒரு காலில் நின்று கூடையைத் தூக்கிக் காட்டினால் போதும். நீ வந்தால் என்னைச் சமையல்கட்டிலிருந்து முன்மேசைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். நான்கு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறேன், நுவே ஊ.

அக்கா,
தின் ஸா

கேலா
அக்டோபர் 21

அக்காவுக்கு,

நான் வர மாட்டேன். யாராவது பார்த்தாலே எனக்குக் கால் நடுங்கும் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தையே அதனால்தான் விட்டேன். கால்வாய் வழியாக நம் ஊர்ப் படகுகள் எல்லாம் போகும். தொப்பிக்குள் யார் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடு.

நுவே ஊ

நியாங்ஷ்வே
நவம்பர் 1

நுவே ஊ,

நீ வர வேண்டாம். வெள்ளைக்காரர்களே அங்கு வருகிறார்கள். வியாழக்கிழமை காலை, நீ மீன் பிடிக்கும் பாசித் திட்டுக்கு. இடத்தைச் சொல்லிவிட்டேன். தூரத்தில் இருந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீ மட்டும் உட்கார்ந்துவிடாதே, என் கண்ணு.

தின் ஸா

கேலா
நவம்பர் 11

அக்காவுக்கு,

வந்தார்கள். உன் கடிதம் எனக்கு மறுநாள் சந்தைப் படகில்தான் கிடைத்தது.

இயந்திரச் சத்தம் கேட்டபோது கூடையை அப்போதுதான் தண்ணீருக்குள் இறக்கியிருந்தேன். உள்ளே பெரிய கெண்டை. உட்கார்ந்தால் கூடை சாயும், மீன் போய்விடும். அதனால் நின்றேன். துடுப்பில் சுற்றிய காலை எடுக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். படகோட்டி நம் ஊர் கோ தூன். "அட, இது பா சீன் இல்லப்பா, அவன் பொண்ணு!" என்று கத்தினான்.

நான் வீடு சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊ தெயின் படகை நம் படிக்கட்டில் ஒட்டி நிறுத்தி, "என்ன பா சீன், நீ எப்போ பாவாடை கட்டப் போறே?" என்று கேட்டார். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "அவ பிடிக்கிறா, நான் திங்கிறேன். உனக்கு எங்கடா எரியுது?" என்றார். ஊ தெயின் போன பிறகு அப்பா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. மீனை மட்டும் வாங்கிச் சுத்தம் செய்து கொடுக்கிறார்.

நான் தினமும் போகிறேன். வேறு திட்டுக்கு. எந்தத் திட்டு என்று எழுதப் போவதில்லை.

உன்னை முன்மேசைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கோ தூன் சொன்னான். சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள். விடுமுறை கிடைத்தால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. என்ன பேச வேண்டுமானாலும் அப்பா எதிரில் பேசலாம். இனி நான் கடிதம் எழுத மாட்டேன்.

நுவே ஊ