டெல் என்று அடித்த பிறகு

விழுப்புரம்
12.8.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வின் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நாகர்கோவிலில் மழை உண்டா? ஆண்டவர் தயவில் நான் சுகம். இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மல்லாட்டை மண்டியில் (இங்கே நிலக்கடலையை அப்படித்தான் சொல்கிறார்கள்) கணக்கர் வேங்கடேசனின் கணக்கையெல்லாம் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவரும் ஆசையாகக் கற்றார். டாஸ் பிளாப்பி என்ற சதுரத் தகட்டைப் போட்டால்தான் அது விழிக்கும். 'டிர்' என்று அடித்தால் ஃபைல்களின் பெயர் வரும். 'டெல்' என்றால் அழிந்துவிடும். அந்நேரம் முதலாளி வந்து அவரிடம் சொன்னார்.

"நாளைக்கு நீ வராதப்பா. மெஷினே போதும்."

"என்னையும் டெல் பண்ணிட்டீங்களா?" என்று கத்திய வேங்கடேசன், எடைக்கல்லைத் திரைமேல் வீசினார். நான் குறுக்கே கை நீட்டியதில் மணிக்கட்டு முறிந்தது. முதலாளி ஏவ, மூட்டை தூக்குகிறவர்கள் வேங்கடேசனை உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். மண்டை பிளந்து ரத்தம் கொட்டியது. நான் அவர்மேல் விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள். எனக்கு முதுகில் இரண்டு அடிதான், அம்மா.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவர் மனைவி பாஞ்சாலி எனக்கும் கேப்பைக் கூழ் ஊட்டுகிறார். "சும்மா மோட்டுவளையைப் பாத்துக்கினு இருக்காத, சாப்புடு" என்று அதட்டுகிறார்.

ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும்.

தபால் எடுக்கும் நேரமாகிறது. மண்டி விலாசத்துக்கு எழுத வேண்டாம். அடிக்கச் சொன்னது முதலாளிதான் என்று போலீசில் சொல்லிவிட்டேன். வளவனூரில் வேங்கடேசன் வீட்டுக்கு எழுதுங்கள்.

உங்கள் மகன்,
செல்வின்