கட்டைவிரல் டாக்டர்

என்னங்க,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரிக்குள் இருக்கிறது, இதையும் தொலைத்துவிடாதீர்கள். மத்தியானம் கேபிள்காரர் வருவார். இணைப்பே வேண்டாம் என்று நான்தான் வரச் சொன்னேன். பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். நாளெல்லாம் வார்டில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலும் அந்த ஆஸ்பத்திரி சீரியலைப் பார்க்க என்னால் முடியாது. சுத்தக் குப்பை.

ஆனால் ஒன்று புரியவில்லை. சாவி தொலைந்த சண்டையிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. நேற்று அந்த சீரியல் டாக்டர் மயங்கிக் கிடந்த கதாநாயகிக்குக் கட்டைவிரலால் நாடி பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"கட்டைவிரல்ல பாத்தா அவன் நாடிதான்யா அவனுக்குத் துடிக்கும்!"

"அப்போ அவ உயிரோட இருக்காளா இல்லையா?" என்று கேட்டீர்கள்.

"எனக்கென்ன தெரியும்? இருங்க, பாப்போம்."

இத்தனை நாளில் நாம் பேசியது அவ்வளவுதான். விளம்பரம் வந்தது, இருவரும் மறுபடி ஊமையாகிவிட்டோம்.

குப்பைதானே அது? பிறகு ஏன் விளம்பரம் முடிந்து 'தொடரும்' போடும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்? யோசித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கேபிள்காரரிடம் ஏதாவது சொல்லுங்கள். என்னவென்று எனக்கே தெரியவில்லை.

முட்டைக்கு உப்பு போடவில்லை.

இன்னொன்று. இன்று எனக்கு மாலை ஷிஃப்டும் சேர்ந்திருக்கிறது, சீரியல் நேரத்துக்குள் வர முடியாது. வந்ததும் அவள் பிழைத்தாளா என்று கேட்பேன். வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.