என் முகத்துக்கு யார் முதலாளி

மார்ச் 4
காஸ்டிக் சோடா மூட்டை ஈரம் பட்டு வந்திருக்கிறது. கட்டி கட்டியாய். திருப்பி அனுப்ப அண்ணனுக்குக் கூச்சமாம். நானே உடைத்துச் சலித்தேன். கையுறைக்குள் புகுந்து மணிக்கட்டெல்லாம் எரிகிறது.

அடுத்த தெருக் கடையில் ‘மூக்குப்பொத்தி சூப்பர்’ என்று ஒரு பாக்கெட் தொங்குகிறது. நம்முடையதைப் போலவே மஞ்சள். நம்முடையதைப் போலவே ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சீ! கழிவறை அடைப்பு எடுக்கிற பவுடரில்கூடவா திருட்டு? அவள் யாரோ. நம் பாக்கெட்டில் இருப்பது நான்தான். முதல் கலவை பொங்கி வீடே நாறியபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மகள் படம் எடுத்துவிட்டாள். ‘மூக்குப்பொத்தி’ என்ற நம் பெயரும் அப்படி வந்ததுதான்.

மார்ச் 7
டிரேட்மார்க் வாங்கியாக வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே விண்ணப்பிக்கலாமாம், மகள் கணினியில் காட்டினாள். பெயர், படம், என்ன பொருள், எப்போதிலிருந்து விற்கிறோம் – பாதி நிரப்பிவிட்டோம்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். “உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? ஒரு புள்ளி தப்பாப் போனாலும் தூக்கிக் குப்பையில போட்ருவாங்க. நம்ம வக்கீல் பாத்துப்பாரு.”

அதுவும் சரிதான். நான் கலக்குகிறேன், அவர் கடை கடையாய் ஏறி விற்கிறார். வெளிவேலை அவருடையது. விட்டுவிட்டேன்.

மார்ச் 12
வக்கீல் அறை. நாற்காலிக் கையில் பிசுக்கு. அந்த ஆள் பேசிக்கொண்டே பல் குத்தினான். குச்சி நுனியில் வந்ததை உற்றுப் பார்த்தான். மறுபடி வாயில் போட்டுக்கொண்டான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் சாக்கடைப் பவுடரோடு கிடக்கிறவள், எனக்கே!

“இவங்க பேக்கிங்கா?” என்று அண்ணனைக் கேட்டான்.

அண்ணன் சிரித்தார். “தங்கச்சி. கூடமாட ஒத்தாசை.”

மார்ச் 13
கூடமாட ஒத்தாசையா?

ஏப்ரல் 22
விண்ணப்பம் போட்டாச்சு என்று இனிப்போடு வந்தார் அண்ணன். கை முழுக்கப் பவுடர், மகள்தான் ஊட்டிவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜூலை 9
டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் மகள் நம் பெயரைத் தேடினாள். வந்தது. திரையில் என் முகம், மூக்கைப் பிடித்தபடி. கீழே உரிமையாளர் – அண்ணன். தயாரிப்பாளர் – அண்ணன். படத்தைப் பற்றிய விவரம் – ‘கற்பனை உருவம்’.

நான் கற்பனையா? அப்ப தினமும் காரத்துல கை வெந்துபோறது யாருக்கு? பேய்க்கா?

“அழாதம்மா” என்றாள் மகள். நான் எங்க அழுதேன்? அருவருப்பா இருக்கு. கூடப் பொறந்தவன். அவன் கொண்டுவந்த இனிப்பையா அன்னைக்கு வாயைத் திறந்து வாங்கித் தின்னேன்!

என் வீட்டுக்காரர் நாமும் ஒரு வக்கீல் வைப்போம் என்கிறார். இன்னொரு பல்குத்தியா? வேண்டவே வேண்டாம்.

ஜூலை 10
அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “ஒரே பேர்ல இருந்தா சுலபம்னு வக்கீல் சொன்னாரும்மா. நான் வேற நீ வேறயா?” என்றான். குரலில் அப்படி ஒரு தேன். பேசி முடித்துப் போனைத் துணியால் துடைத்தேன்.

செப்டம்பர் 18
அண்ணன் விண்ணப்பத்துக்கு டிரேட்மார்க் அதிகாரியின் ஆட்சேபம் இணையதளத்தில் ஏறியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மகள் வாசிக்க வாசிக்க வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெயர் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது என்று காட்ட, நம் பழைய நோட்டீஸைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் அந்தப் புத்திசாலிகள். அண்ணனே எழுதி அச்சடித்துக் கடை கடையாய்க் கொடுத்த நோட்டீஸ்: ‘படத்தில் இருக்கும் பெண்மணியே இதைத் தயாரிக்கிறார். முகம் பார்த்து வாங்குங்கள்!’ விண்ணப்பத்தில் கற்பனை, நோட்டீஸில் உயிருள்ள பெண். எது உண்மை என்று அதிகாரி கேட்கிறார். அவள் இருக்கிறாள் என்றால் அவளுடைய சம்மதக் கடிதம் எங்கே? தயாரிப்பது அவள் என்றால் நீங்கள் எப்படித் தயாரிப்பாளர்?

பல்குத்தி அந்த நோட்டீஸைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்கூடச் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 20
அண்ணனும் வக்கீலும் சேர்ந்தே வந்தார்கள். நான் சலிப்பதை நிறுத்தவில்லை. தூசி பறந்ததும் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“சம்மதக் கடிதத்துல ஒரே ஒரு கையெழுத்தும்மா” என்றான் அண்ணன்.

“கற்பனை எப்படிண்ணா கையெழுத்துப் போடும்?”

“பதில் போகலைன்னா விண்ணப்பம் செத்துப்போயிடும்” என்றான் வக்கீல், மூக்கை விடாமல்.

“சாகட்டும்.”

அண்ணன் முகம் சுண்டிப்போனது. “வெயில்ல அலைஞ்சு வித்தவன் நான். அது உனக்கு ஒண்ணுமே இல்லையா?”

இல்லை என்று யார் சொன்னது? “உன் பேரோட என் பேரையும் போட்டிருந்தா, நானே தேடி வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே.” அவன் வக்கீலைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். போகும்போது சரக்கையும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோனார்.

நவம்பர் 2
அவன் விண்ணப்பம் காலாவதி.

நவம்பர் 3
நாங்களே விண்ணப்பித்தோம், வக்கீல் இல்லாமல். சம்மதக் கடிதமும் வைக்கச் சொன்னாள் மகள். “என் முகத்துக்கு நானே எதுக்குன்னு கேக்காதம்மா. அதிகாரி கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துடுவோம்.” சம்மதம் தருபவர் – நான். பெறுபவர் – நான். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 6
போன வாரம் டிரேட்மார்க் கிடைத்தது. ‘சூப்பர்’ பாக்கெட்டைக் கடைக்காரர் அவராகவே இறக்கிவிட்டார்.

இன்று அண்ணன் வந்தான். இளைத்திருக்கிறான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“மறுபடியும் நான் எடுத்து விக்கட்டுமா?”

விற்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அது எனக்கும் தெரியும். மகள் எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தை நீட்டினேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். விற்பனையாளர் என்ற இடம் காலி.

“கூடமாட ஒத்தாசைன்னு போடலையா?” என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

“நீ பண்ணுறது வேலைண்ணா. அதுக்குப் பேர் இருக்கு.”

கையெழுத்துப் போட்டான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்திருந்தேன். அப்புறம் அவன் பிடித்த பேனாவைத் துணியால் துடைத்து உள்ளே வைத்தேன்.